இரண்டு பெயர், ஒரே பெட்டி

கேள்வி: கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெப்சைட், மெயில், டிஎன்எஸ் (வெப்சைட் பெயரைக் கேட்டால் சர்வர் முகவரியைச் சொல்லும் ஏற்பாடு) மூன்றும் வீட்டு அலமாரியில் இருக்கும் குட்டி சர்வரில்தான். வருடம் 3,000 ரூபாய்க்கு பேக்கப் டிஎன்எஸ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆடி மழையில் கற்பூர மரம் ஒன்று லைன் மேல் சாய்ந்து கரண்ட் போனால் வெப்சைட்டும் சேர்ந்துதானே படுக்கும், அப்போது வெளியூர் டிஎன்எஸ் உங்கள் முகவரியைச் சரியாகச் சொல்லி என்ன, வீடு பூட்டிக் கிடக்கிறதே. வரவேண்டிய மெயிலும் உடனே தொலைந்துவிடாது. அனுப்பும் சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு வழக்கமாக நான்கைந்து நாள் முயன்று பார்க்கும். மெயில் மட்டும் வேறு கம்பெனியிடம் இருந்தால் கதை வேறு, வீட்டு டிஎன்எஸ் படுத்தால் நன்றாக ஓடுகிற அந்த மெயிலும் மாட்டிக்கொள்ளும். அதற்கும் காசு வேண்டாம். டொமைன், அதாவது வெப்சைட் பெயர், வாங்கிய இடத்தில் பெரும்பாலும் டிஎன்எஸ் இலவசம், அங்கே மாற்றிவிடுங்கள். அந்த 3,000 யுபிஎஸ் பேட்டரிக்கு ஆகும்.

காசு வாங்கிக்கொண்டு பேக்கப் டிஎன்எஸ் விற்பதில் எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு. இரண்டாவது நேம் சர்வர் (டிஎன்எஸ் பதில் சொல்லும் சர்வர்) வேறு இடத்தில், வேறு நெட்வொர்க்கில் இருக்க வேண்டும் என்று 1997-லேயே ஆர்எஃப்சி 2182 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன்? குன்னூரில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருடம் ‘என்எஸ்2’ என்ற இரண்டாவது நேம் சர்வருக்குத் தனியாகப் பணம் கட்டினேன். ஒருநாள் டிஎன்எஸ் விவரம் காட்டும் டிக் கமாண்ட் போட்டுப் பார்த்தால் முதல் சர்வரான என்எஸ்1-க்கும் அதற்கும் ஒரே ஐபி முகவரி! பெயர்தான் இரண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனதே, அவர்களிடம் நேம் சர்வர் பல இருந்தன, எல்லாம் அவர்கள் நெட்வொர்க்குக்குள்ளேயே, அதனால் சேர்ந்தே படுத்தன.

கேள்வி: ரௌட்டரில் 8.8.8.8, 1.1.1.1 இரண்டும் போட்டிருக்கிறேன். இது போதாதா?

பதில்: அவை இரண்டும் எல்லோருக்குமான பொது டிஎன்எஸ், நீங்கள் ஊரைத் தேட. ஊர் உங்களைத் தேட அல்ல. பெட்டி மேல் எழுதியிருப்பதையாவது படியுங்கள் ஐயா.

கேள்வி: வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்திருக்கிறார். திருப்பித் தர 15,000 கேட்கிறார். வர்க்கி விற்றுப் பிழைக்கிறேன்.

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு முதலில் 1915-க்கு போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். ‘வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்று அவர் சட்டம் பேசினால் அசராதீர்கள். சுயதொழிலில் பிழைப்புக்காகப் பொருள் வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது; வெப்சைட் போன்ற சேவைக்கும் அது பொருந்துமா என்று அந்த உதவி எண்ணிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். புகார் எழுதத் தடுமாறினால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.