வீட்டைப் பிடிக்கும் முன் பள்ளிப் பேருந்தைப் பாருங்கள்: ஸ்காட்லாந்து கிராமப்புறப் பள்ளிகள் பற்றிக் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் பகுதியில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கு எடுக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு இந்தப் பக்கம் குடிவர நினைக்கும் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். முதலில் எல்லோருக்கும் பொதுவான நாலு வரி. இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்க எழுதும் ஜிசிஎஸ்இ, அதற்கடுத்த ஏ லெவல் என்ற தேர்வுப் பாதை இங்கே கிடையாது. ஹைஸ்கூல் பன்னிரண்டு வயது வாக்கில் தொடங்கி எஸ்1 முதல் எஸ்6 வரை ஆறு வகுப்பு. எஸ்3 முடியும்வரை பொதுப் பாடங்கள். பிறகு பொதுத் தேர்வுகள்: எஸ்4இல் நேஷனல் 5, எஸ்5இல் ஹையர், எஸ்6இல் அட்வான்ஸ்டு ஹையர். பல்கலைக்கழகங்கள் முக்கியமாகப் பார்ப்பது ஹையர் மதிப்பெண்ணை. பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறந்து ஜூன் கடைசியில் மூடும். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கேள்வி (பர்மிங்காமிலிருந்து ஒரு தந்தை): நல்ல பள்ளி எது, சுமாரான பள்ளி எது என்று எந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது?

பட்டியலை மூடி வையுங்கள் சார். பத்திரிகைகள் வருடாவருடம் ஒன்று போடும்: இத்தனை சதவீதம் பேர் ஐந்து ஹையர் எடுத்தார்கள் என்று. ஒரு வருடத்துக்குப் பதினைந்து பேர் படிக்கும் பள்ளியில் இரண்டு பேர் வேலைக்குப் போய்விட்டாலே 13 சதவீதம் இறங்கிவிடும். அடுத்த வருடம் ஏறிவிடும். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

நகரத்தில்தான் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு. இங்கே நீங்கள் தேர்ந்தெடுப்பது வீட்டை. வீடு எந்த எல்லைக்குள் வருகிறதோ அந்தப் பள்ளி. நுழைவுத் தேர்வு கிடையாது. இங்கிலாந்தில் கிராமர் ஸ்கூல் என்றால் நுழைவுத் தேர்வு வைப்பது; ஆர்க்னி தீவில் கர்க்வால் கிராமர் ஸ்கூல் என்று பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அதுவும் எல்லோருக்குமான அரசுப் பள்ளிதான். வேறு பள்ளி வேண்டுமென்றால் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்கு 'பிளேசிங் ரிக்வெஸ்ட்' போடலாம். ஆகஸ்டில் சேர மார்ச் 15க்குள் போட வேண்டும். கிராமப்புறத்தில் இடம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் அப்படிச் சேர்ந்தால் பேருந்துக்குக் கவுன்சில் பொறுப்பில்லை. தினமும் நீங்கள்தான் காரோட்ட வேண்டும், பனிக்கட்டி உறைந்த ஒற்றைவழிச் சாலையிலும்.

பட்டியலுக்குப் பதிலாகப் பள்ளி அலுவலகத்தில் ஒரு தாளைக் கேளுங்கள். எஸ்3 பிள்ளைகள் அடுத்த வருடப் பாடங்களைத் தேர்வு செய்யும் படிவம். அதில் நெடுக்காகப் பத்திகள் இருக்கும், ஒரு பத்தியிலிருந்து ஒரு பாடம்தான் எடுக்கலாம். பெரிய பள்ளியில் இயற்பியல் இரண்டு மூன்று பத்தியில் வரும். சின்னப் பள்ளியில் ஒரே பத்தியில், வரலாற்றுக்கும் இசைக்கும் பக்கத்தில் நிற்கும். உங்கள் மகள் இயற்பியலும் இசையும் கேட்பவளானால் சிக்கல் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். எஸ்5, எஸ்6 தாளையும் கேட்டு வாங்குங்கள். கூடவே மூன்று கேள்வி: ஒரே வகுப்பறையில் நேஷனல் 5, ஹையர் இரண்டையும் சேர்த்து நடத்துகிறீர்களா? கடந்த இரண்டு வருடத்தில் எந்தப் பாடம் ஆசிரியர் இல்லாமல் நின்றது? அட்வான்ஸ்டு ஹையரில் எவை நேரில், எவை திரையில்? இ-ஸ்கோல் என்று நேரலை இணைய வகுப்பு இருக்கிறது, மேற்குத் தீவுகளின் கவுன்சில் 2016இல் தொடங்கியது. தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது நல்ல வழி. மற்றவர்களுக்கு அடுத்த அறையில் ஆள் இருக்க வேண்டும்.

கேள்வி (லண்டன் ஹரோவிலிருந்து ஒரு தாய்): வணக்கம் ரீச்சர். இவருக்கு ஸ்கைத் தீவில வேலை கிடைச்சிருக்கு. வாற ஆகஸ்ட் எல்லாரும் போறதா யோசிக்கிறம். மகன் இயர் 10, நவம்பரில பிறந்தவர். மகள் இயர் 8, ஏப்ரல் பிறந்தநாள். ரெண்டு பேரையும் எந்த வகுப்பில போடுவினம்?

மகளுக்குக் கவலையே இல்லை, நேராக எஸ்2. மகன் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும் அக்கா.

இங்கிலாந்தில் வகுப்பைப் பிரிக்கும் கோடு செப்டம்பர் 1. இங்கே மார்ச் 1. அதனால் ஒரே இயர் 10இல் படிக்கும் பிள்ளைகள் இங்கே இரண்டாகப் பிரிவார்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பிறந்தவர்களின் வயதுக்காரர்கள் இங்கே எஸ்3இல் இருப்பார்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பிறந்தவர்களின் வயதுக்காரர்கள் எஸ்4இல். உங்கள் மகன் இரண்டாம் ரகம். வயதை மட்டும் பார்த்தால் வரும் ஆகஸ்டில் அவர் எஸ்5, அதாவது ஹையர் வருடம். கையில் இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இயும் இல்லை, நேஷனல் 5உம் இல்லை. நடுவில் விழுந்துவிடுவார்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி எஸ்4இல் சேர்ப்பது. வயதில் சற்று மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். புதிதாக வரும் பிள்ளைக்கு இப்படிச் செய்வது வழக்கத்துக்கு மாறானதல்ல. மற்றது, ஒருவர் லண்டனில் ஒரு வருடம் தங்கி ஜிசிஎஸ்இயை முடித்துவிட்டு அவரை எஸ்5க்கு அனுப்புவது. இயர் 11 முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு மாற்றம் சுலபம், ஜிசிஎஸ்இயை இங்கே நேஷனல் 5க்குச் சமமாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு வாடகை கட்ட முடியுமென்றால் நான் இரண்டாவதையே சொல்வேன். முடியாதென்றால் முதலாவதிலும் குறையில்லை. எஸ்5இல் நேரே தள்ளுவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

இன்னொன்று: ஸ்கைத் தீவுக்குள் இருக்கும் ஒரே ஹைஸ்கூல் போர்ட்ரீயில். பிராட்ஃபோர்டில் வீடு பார்த்தால் அது ஏறக்குறைய 25 மைல். பாலத்தைத் தாண்டினால் பெருநிலத்தில் ப்ளாக்டன். எந்த ஊர் எந்தப் பள்ளிக்கு என்று கவுன்சிலிடம் கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு மருத்துவர்): விக் ஊர் மருத்துவமனையில் வேலைக்கு வருகிறேன். மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறாள். அவளுக்கும் மருத்துவம்தான் ஆசை.

டாக்டர், உங்கள் மகளை எஸ்5இல் எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனாலும் எஸ்4இல் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள் என்றுதான் சொல்வேன். காரணம் கணக்கோ வேதியியலோ அல்ல. அவற்றில் நம் பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். ஹையர் ஆங்கிலம்தான் படுத்தும். கவிதையையும் நாடகத்தையும் படித்து, தன் கருத்தை மேற்கோளோடு நிறுவி எழுத வேண்டும். மனப்பாடத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஆகஸ்டில் வந்து மே மாதத்தில் அந்தத் தேர்வை எழுதுவது கடினம்.

மருத்துவக் கல்லூரிகள் பொதுவாக எதிர்பார்ப்பது ஒரே வருடத்தில், எஸ்5இல், ஐந்து ஹையர், பெரும்பாலும் 'ஏ'யாகவே. வேதியியல் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிரியல், இயற்பியல், கணக்கு மூன்றில் குறைந்தது இரண்டு வேண்டும். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான யூகேட் திறனறித் தேர்வு தனி. எஸ்4இல் காலூன்றிவிட்டு எஸ்5இல் ஐந்தையும் எடுப்பது அவளுக்கு நல்லது. விக், தர்சோ இரண்டிலும் ஹைஸ்கூல் இருக்கிறது. இந்த ஐந்து பாடமும் ஒன்றோடொன்று மோதாமல் எங்கே கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு வீடு தேடுங்கள்.

கட்டணத்தையும் மறக்க வேண்டாம். ஸ்காட்லாந்துவாசிகளின் பட்டப்படிப்புக் கட்டணத்தை எஸ்ஏஏஎஸ் என்ற அரசு நிறுவனம் கட்டுகிறது. ஆனால் இங்கே பள்ளியில் படித்தால் மட்டும் அந்தச் சலுகை வந்துவிடாது. விசா நிலையையும், ஐக்கிய இராச்சியத்தில் எத்தனை வருடம் வாழ்ந்தார்கள் என்பதையும் பார்ப்பார்கள். சர்வதேசக் கட்டணத்தில் மருத்துவம் என்றால் வீட்டுக்கடன் அளவுக்குப் போகும். இப்போதே எழுதிக் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

கேள்வி: பள்ளிப் பேருந்து இலவசமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால், எல்லைக்குட்பட்ட பள்ளி மூன்று மைலுக்கு அப்பால் இருந்தால் கவுன்சில் ஏற்பாடு செய்ய வேண்டும். தவிர 2022 முதல் 22 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுப் பேருந்து முழுவதும் இலவசம்; அதற்கான அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிறுத்தம் உங்கள் வாசலில் இருக்காது. பண்ணைப் பாதை முனைவரை இருட்டில் நடக்க வேண்டியிருக்கலாம். எல்லோரும் கேட்க மறப்பது ஒன்று: மாலை மூன்றரைப் பேருந்தை விட்டால் அடுத்தது உண்டா? இல்லையென்றால் நாடகம், விளையாட்டு, தேர்வுக்கு முன் நடக்கும் மாலை வகுப்பு எதிலும் பிள்ளை நிற்க முடியாது. வாரத்தில் இரண்டு நாளாவது தாமதப் பேருந்து விடும் பள்ளிக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

கேள்வி: சின்னத் தீவுகளில் ஹைஸ்கூல் இல்லையாமே, பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

விடுதிதான். ஐயோனா தீவு, மல் தீவின் தெற்குப் பகுதிப் பிள்ளைகள் பெருநிலத்தில் ஓபன் ஊரில் தங்கிப் படிப்பார்கள்; எக், ரம் போன்ற தீவுகளிலிருந்து மல்லேக்குக்கு. வெள்ளிக்கிழமை கப்பல் ஓடினால் வீடு, காற்று பலமாக இருந்தால் விடுதியிலேயே வார இறுதி. பன்னிரண்டு வயதில் இதற்குப் பழகிய தீவுப் பிள்ளைகளுக்குச் சரி. சென்னையிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் பதினான்கு வயதுப் பிள்ளையை, புது நாட்டில் முதல் வருடமே இப்படி அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: மகனுக்கு ஆட்டிசம். இங்கிலாந்தில் இஎச்சிபி (சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான உதவித் திட்ட ஆவணம்) வாங்கி வைத்திருக்கிறோம். அது அங்கே செல்லுமா?

சட்டப்படி செல்லாது. இங்கே 2004ஆம் ஆண்டின் தனிச் சட்டம். உதவி பெற மருத்துவச் சான்று கட்டாயமில்லை என்பது நல்ல விஷயம். ஆனாலும் அந்த ஆவணத்தை அப்படியே அனுப்புங்கள், திட்டம் போட அதுதான் உதவும். உதவி ஆசிரியர் வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று எண்ணாகக் கேளுங்கள்.

கேள்வி: தனியார் பள்ளி?

மன்னர் சார்லஸ் படித்த கார்டன்ஸ்டவுன் எல்ஜின் பக்கம்தான். 2025 ஜனவரி முதல் தனியார் கட்டணத்தின்மேல் 20 சதவீத வாட் வரி வேறு. பணமிருந்தால் நல்லது, அதைவிட எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி (லெஸ்டரிலிருந்து ஒரு தாய்): வகுப்பில் என் மகள் ஒருத்திதான் நம் நிறமாக இருப்பாளோ என்று பயமாக இருக்கிறது. கேலிக் மொழி வேறு படிக்க வேண்டுமா?

அநேகமாக ஒருத்தியாகத்தான் இருப்பாள். மறைத்துப் பயனில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் நலனைக் கவனிக்கும் கைடன்ஸ் ஆசிரியர் ஒருவர் உண்டு, பெரும்பாலும் அவரே வருடாவருடம் தொடர்ந்து வருவார். சேரும் முன் அவரைத் தனியாகச் சந்தித்து, இனக் கேலி நடந்தால் என்ன செய்வீர்கள் என்று நேரடியாகவே கேளுங்கள். "இங்கே அப்படியெல்லாம் நடப்பதில்லை" என்று சிரித்தால் எச்சரிக்கையாக இருங்கள். போன தடவை என்ன செய்தோம் என்று சொல்கிறவரை நம்பலாம். கேலிக் வழிக் கல்வி தொடக்கப் பள்ளியிலிருந்தே அதில் படித்தவர்களுக்கு. மற்றவர்கள் புதிதாகப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. நட்புக்கு எனக்குத் தெரிந்த குறுக்குவழி இசை. அரசுப் பள்ளிகளில் வாத்தியப் பயிற்சிக் கட்டணத்தை 2021இல் நீக்கிவிட்டார்கள். உங்கள் மகளுக்கு வயலின் தெரியுமென்றால் ஃபிடில் (நாட்டுப்புற வயலின்) கூட்டத்தில் முதல் வாரமே இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி: எப்போது நேரில் வந்து பார்ப்பது?

ஜூலையில் வராதீர்கள். பள்ளி மூடியிருக்கும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம், எல்லாமே அழகாகத் தெரியும். அக்டோபரிலும் விடுமுறை குறுக்கிடும். நவம்பர் கடைசி அல்லது ஜனவரி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. காலைப் பேருந்து நேரத்தில் அந்தச் சாலையில் நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மதிய இடைவேளையில் பாதிப் பள்ளி கோ-ஆப் கடை வாசலில்தான் நிற்கும். பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்று அங்கே பார்க்கலாம். பள்ளியைச் சுற்றிக்காட்ட எஸ்6 மாணவர் யாரையாவது கேளுங்கள். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, "நீ எடுக்க நினைத்து இங்கே கிடைக்காமல் போன பாடம் எது?" என்று கேட்டுவிடுங்கள்.