பின் பிரேக் கீச்சிட்டால் ஷூவை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி: கொல்லிமலையில் மிளகும் காப்பியும் போட்டிருக்கிறோம். 2016-ஆம் ஆண்டு மஹிந்திரா தார் சிஆர்டிஇ வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குப் போக ஓர் ஓடையில் இறங்கி ஏற வேண்டும். சில மாதங்களாகப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் கீச்சென்று சத்தம் வருகிறது. பிரேக் ஷூ மாற்றியும் மூன்றே வாரத்தில் மறுபடி தொடங்கிவிட்டது. வலது பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய்க் கறை தெரிகிறது. சமவெளிச் சாலையில் மெல்லிய ரீங்காரமும் கேட்கிறது. ஆக்சிலையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவசியமா?

பதில்: இப்போதைக்கு அவசியமில்லை. ஆக்சிலை மாற்றச் சொன்னவர் அவசரப்படுகிறார்; ஷூவை மட்டும் மாற்றித் தந்தவரோ பாதி வேலையில் கையைத் துடைத்துக்கொண்டுவிட்டார். கீச்சுச் சத்தம், கறை, ரீங்காரம் மூன்றும் வலப்பக்கமே என்றால், மூன்றுக்கும் மூலம் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் அந்தக் கறை எதனுடையது என்று பாருங்கள். விரலில் தொட்டால் கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் அது ஆக்சிலுக்குள் இருக்கும் கியர் ஆயில். தண்ணீர்போல் இளகி, கழுவினால் எளிதில் போய்விட்டால் பிரேக் ஆயில். அப்படியானால் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது, பானட்டுக்குள் உள்ள பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு இறங்கியிருக்கும். உங்கள் விஷயத்தில் ரீங்காரமும் சேர்ந்திருப்பதால், கியர் ஆயில் என்றே நினைக்கிறேன்.

கியர் ஆயில் பிரேக் டிரம்முக்குள் (ஷூ உள்ளிருந்து அழுத்தும், சக்கரத்தோடு சுற்றும் உருளை) வருவதற்கு, எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழிவிட்டிருக்க வேண்டும். சீல் ஏன் வழிவிட்டது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பல ஒர்க்‌ஷாப்புகளில் அதை யாரும் கேட்பதில்லை. பேரிங் தேய்ந்திருந்தால், சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஆக்சில் ஷாஃப்ட் தள்ளாடும். தள்ளாடும் ஷாஃப்ட் மீது எந்தச் சீலும் நிற்காது. 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சாலை மெதுவாக இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரங்களில் விழுகிறது. அப்போது ரீங்காரம் கூடி, வலப்பக்கம் வளையும்போது அடங்கினால், வலது பேரிங் மீதான சந்தேகம் வலுக்கும்.

அடுத்து பிரீதர். ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கின் மேல் பக்கம் இருக்கும் இந்தச் சிறிய மூச்சுத்துளையைச் சேறு அடைத்துக்கொண்டால், ஓட்டத்தில் சூடாகும் உள்காற்று வெளியேற வழியின்றி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: உள்காற்று சுருங்கி, சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். வடிகால் போல்ட்டைக் கழற்றும்போது பால் கலந்த காப்பி நிறத்தில் எண்ணெய் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்றிவிடுங்கள், அந்த எண்ணெயில் ஓடிய பேரிங் நீண்ட நாள் தாங்காது. புது எண்ணெயைச் சமதரையில் வண்டியை நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை மட்டும் ஊற்ற வேண்டும். சரிவில் நிறுத்தி அளவு மீறி ஊற்றியதாலேயே கசிந்த வண்டிகளும் உண்டு.

சக்கரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது கவனம். முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள், பிறகு ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். 2015-இல் வந்த மேம்படுத்தப்பட்ட தாரில் பின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) தானாகவே பூட்டிக்கொள்ளும் வகை. ஒரு சக்கரம் அந்தரத்தில் இருக்க, எஞ்சினை ஓட விட்டுக் கியரில் போட்டுச் சோதிக்கவே கூடாது. டிஃபரன்ஷியல் பூட்டினால் தரையில் உள்ள சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். கையால் சுற்றினாலே போதும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வாக ஆடுகிறதா, சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் கையில் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள்.

பேரிங்கும் சீலும் மாற்ற ஷாஃப்டை உருவும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். சீலின் ரப்பர் உதடு உரசும் பளபளப்பான வளையத்தைத் துணியால் துடைத்துவிட்டு, அதன் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் சிக்கினால், அந்த ஷாஃப்டில் எத்தனை சீல் போட்டாலும் கசியும். அந்த இடத்துக்கு ஸ்லீவ் என்ற மெல்லிய உலோக உறை போட வேண்டும், இல்லையேல் ஷாஃப்டை மாற்ற வேண்டும். பேரிங்கும் சீலும் மாற்றி, ஷாஃப்டையும் சரிசெய்து, பிரீதரும் சுத்தமாக இருந்து, அதே பக்கம் சீல் மறுபடியும் போனால்தான் ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று அளக்கச் சொல்வேன். மூட்டை ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும் வண்டிகளில் அது நடக்கக்கூடியதுதான்.

எண்ணெய் குடித்த ஷூ தேறாது. பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைக்கும் வைத்தியம் வேண்டாம். சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். டிரம்முக்குப் பின்னால் உள்ள தகடான பேக் பிளேட்டில் ஷூ உரசி நகரும் மேடுகளுக்கு, சூடு தாங்கும் கிரீஸ் துளியளவு தடவ வேண்டும்; இதைத் தவறவிட்டால் புது ஷூவும் கீச்சிடும். டிரம்மை லேத்தில் கடைசல் பிடிக்கும் முன், அதிலேயே பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊத வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள்.

இடது சக்கரத்தில் எண்ணெய் இல்லாமலே கீச்சு வந்தால் அது வேறு கதை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கிலேயே மிதித்து இறங்கினால் ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் கண்ணாடிபோல் இறுகிவிடும். உப்புத்தாளால் மேற்பரப்பை லேசாகச் சுரண்டினால் சரியாகும். இனி சிறிய கியரில் இறங்குங்கள்.

பிரேக் மிதிக்காமலே, மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் கீச்கீச்சென்று சத்தம் வந்தால், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் பிரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம். அந்த ஷாஃப்ட் சக்கரத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் தாளமும் துரிதமாக இருக்கும். பிரேக் சத்தம் என்று தவறாக எண்ணி டிரம்மைக் கழற்றவைக்கும் சத்தங்களில் இது முக்கியமானது.

சீல் மாற்றும்வரை மலையிலிருந்து பாரத்தோடு இறங்காதீர்கள். ஒரு பக்க டிரம்மில் எண்ணெய் இருக்கும் வண்டி, அழுத்திப் பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கும். வேலை முடிந்து 200 கிலோமீட்டர் ஓடியபின், பேக் பிளேட்டின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை படாவிட்டால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. பட்டால் வண்டியை அதே மெக்கானிக்கிடம் கொண்டுபோய், ஷாஃப்டை உருவிக் காட்டச் சொல்லுங்கள்.