கேளுங்கள், சொல்கிறேன்: வெங்காய வேரும் ரெக்கார்டு நோட்டும்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்)

கேள்வி: கோடை விடுமுறையில் ஒரு கல்லூரியில் நடந்த உயிரியல் ஆய்வகப் பயிற்சிக்குப் போனேன். ஒரு நாள் மதியம் வெங்காய வேரை நறுக்கி, நசுக்கி, செல் பிரிதலைப் பார்க்கச் சொன்னார்கள். என் ஸ்லைடில் உருண்டை உருண்டையாக நியூக்ளியஸ்தான் தெரிந்தது. செல் பிரியும்போது மட்டும் தெளிவாகத் தெரியும் குரோமோசோம் ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நான் வரையவில்லை. எங்கே தவறினேன்?
– பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்

பதில்: மதியம் என்று எழுதியிருக்கிறாயே அம்மா, பாதி விடை அதிலேயே இருக்கிறது. வெங்காய வேரில் செல் பிரிதல் மும்முரமாக நடப்பது காலையில். நான் 8 மணிக்கு மேல் 10 மணிக்குள் நறுக்கிவிடுவேன். நறுக்கிய கையோடு ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த கரைசலில் போட்டால், செல்கள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். ஒரு நாள் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி வைத்துக்கொண்டு, எந்த மதியம் வேண்டுமானாலும் வகுப்பு நடத்தலாம். பயிற்சி நடத்தியவர்கள் முன்கூட்டியே செய்திருக்க வேண்டிய வேலை இது. அதை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே.

அடுத்தது, வேரின் எந்த இடத்தை நசுக்கினாய்? பிரியும் செல்கள் நுனியில் ஓரிரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தோடு ஓரிரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்காமல் இளஞ்சூடு காட்டினால் நுனி மட்டும் அடர்சிவப்பாகும். அந்தச் சிவப்பை மட்டும் பிளேடால் வெட்டி எடு, மிச்சத்தை வீசிவிடு. மனசு வராமல் முழு வேரையும் நசுக்குகிறவர்கள்தான் அதிகம். ஸ்லைடை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின்மேல் மைஒற்றுத் தாளை மடித்து வைத்து, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்து. பக்கவாட்டில் இம்மி நகர்ந்தாலும் செல்கள் சுருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

எல்லாம் அமைந்தாலும் புத்தகப் படம்போல நிலைகள் வரிசைகட்டி நிற்காது. நூற்றுக்குப் பத்துச் செல்கள் பிரிவில் இருந்தாலே நல்ல ஸ்லைடுதான். அவற்றிலும் பெரும்பாலானவை பிரிதலின் முதல் நிலையான புரோஃபேஸில், சிக்குண்ட நூலாகத் தெரியும். குரோமோசோம்கள் இரு முனைகளுக்கும் விலகிப் போகும் தெளிவான அனாஃபேஸ் கிடைத்தால் பக்கத்து மேசைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டு. வெங்காயத்தில் எண்ண வேண்டியது 16 குரோமோசோம்கள்தான், அவையும் பெரியவை. இன்று பயிரிடும் கரும்பில் எண்ணிக்கை நூறைத் தாண்டும். 1930களில் கோயம்புத்தூரில் உட்கார்ந்து கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள்.

ரெக்கார்டில் நீ கண்ட நியூக்ளியஸ்களையே வரை. பக்கத்தில் வேர் நறுக்கிய நேரத்தையும் எழுது. ஆசிரியர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் போடாமல் போகட்டும்.

கேள்வி: மகன் நீட் தேர்வுக்குப் படிக்கிறான். இதுபோன்ற பயிற்சிகளுக்கு அனுப்பினால் நேரம் வீண்தானே?
– ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: நீட்டின் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியலுக்கு. அதில் ஒன்றைக்கூட மைக்ரோஸ்கோப் நேராக வாங்கித் தராது. மதிப்பெண்ணுக்காக என்றால் அனுப்பாதீர்கள். பையன் போக ஆசைப்படுகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. ஆசைப்பட்டால் தேர்வு முடிந்ததும் அனுப்புங்கள். பணம் கட்டுவதற்கு முன், போன ஆண்டு அங்கே போய்வந்த பிள்ளையிடம் விசாரியுங்கள்: பிப்பெட்டை நீயே பிடித்தாயா, சார் பிடித்ததை வேடிக்கை பார்த்தாயா? ஆறு பேருக்கு ஒரு மைக்ரோஸ்கோப் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: வீட்டில் வேர்விட வைத்தால் வெங்காயம் அழுகிவிடுகிறது. என்ன செய்வது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

பதில்: முழுக்க முக்கி வைத்திருப்பாய். வாய் குறுகிய பாட்டிலின்மேல் உட்காரவை. அடிப்பகுதி தண்ணீரைத் தொட்டால் போதும். காய்ந்த பழைய வேர்களை முதலில் பிளேடால் சுரண்டிவிடு, அடித்தட்டில் வெட்டு விழக் கூடாது. அறுவடையான புதிதில் வெங்காயம் உறக்கத்தில் இருக்கும், வேர்விட அடம்பிடிக்கும். சில வாரம் கிடந்த காயாகப் பார்த்து எடு. தண்ணீரைத் தினமும் மாற்று.