யாஸ் மாத்திரை வழக்குகள்: கேட்டவற்றுக்கு என் பதில்கள்

அமெரிக்க வழக்கறிஞர்களுக்காக நோயாளிகளின் மருத்துவக் கோப்புகளைப் படித்துச் சுருக்கம் எழுதும் வேலையைச் சென்னையில் சில வருடம் பார்த்தேன். அதில் நிறைய, பேயர் நிறுவனத்தின் யாஸ், யாஸ்மின் கருத்தடை மாத்திரை வழக்குகள்.

அக்கா, அந்த மாத்திரையில் அப்படி என்ன பிரச்சினை?

அதில் ட்ரோஸ்பைரினோன் என்ற ஹார்மோன் இருக்கிறது. இந்த வகைக் கருத்தடை மாத்திரைகள் எல்லாமே ரத்தம் கட்டும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், இது இன்னும் கூடுதலாக. வருடத்துக்கு 10,000 பெண்களில் மற்ற மாத்திரைகளுக்கு 6 பேர், இதற்கு 10 பேர் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொன்னது. சின்ன எண்தான், ஆனால் காலில் உண்டான ரத்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்தால் உயிரே போய்விடும்.

எல்லா மருந்துக்கும் பக்கவிளைவு உண்டே, வழக்கு எப்படி நிற்கும்?

பக்கவிளைவு வந்தது என்பதற்காக மட்டும் வழக்கு இல்லை தம்பி, ஆபத்து கூடுதல் என்பதைச் சரியாக எச்சரிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. டிவி விளம்பரத்தில் முகப்பரு, மனநிலை எல்லாம் சரியாகும் என்று மிகைப்படுத்தியதை எஃப்டிஏ கண்டித்து, 2009-ல் திருத்த விளம்பரமே போட வைத்தார்கள். ரத்தக் கட்டி எச்சரிக்கையைக் கடுமையாக்கியது 2012-ல்தான். அதற்குள் எத்தனை பெண்கள்! அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

நஷ்டஈடு கிடைத்ததா?

கிடைத்தது. 2009-ல் வழக்குகளை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரே நீதிபதியிடம் சேர்த்தார்கள், ஆனாலும் ஒவ்வொருவர் வழக்கும் தனித்தனிதான். தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே பேயர் மொத்தமாக ஏறக்குறைய 200 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது.

என்ன ஆதாரம் கேட்பார்கள்?

நான் முழுநாளும் தேடியதே அதைத்தான். மாத்திரை வாங்கிய தேதிகள், கட்டி தெரிந்த ஸ்கேன் அறிக்கை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் கட்டியதா என்பது. ஒரு கோப்பு மறக்கவே இல்லை. மூன்று நாளாகக் கெண்டைக்கால் வலி, மூச்சு வாங்குகிறது என்று எமர்ஜென்சிக்கு வந்த பெண். 'சாப்பிடும் மருந்துகள்' என்ற கட்டத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதியிருந்தது, ஏனென்றால் கருத்தடை மாத்திரையை நம்மில் யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. மருந்துக்கடைப் பதிவு கிடைத்த பிறகுதான் அந்த வழக்கு நிமிர்ந்தது.

பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி) டாக்டர் இதே மருந்துதான் தந்திருக்கிறார், நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்த வேண்டாம்மா. புகைபிடிப்பது, 35 வயதைத் தாண்டியது, வீட்டில் யாருக்காவது ரத்தம் கட்டியது என எது இருந்தாலும் டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மாத்திரை சாப்பிடுவதையும் அங்கே சொல்லுங்கள்.

இந்தியாவில் வழக்கு போட முடியுமா?

முடியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் போதிய எச்சரிக்கை தராத உற்பத்தியாளர்மீது நஷ்டஈடு கேட்க வழி இருக்கிறது, பொதுவாக 2 வருடத்துக்குள். அப்புறம், பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே பதியலாம். மருந்துச் சீட்டையும் கடை பில்லையும் மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.