கிழக்கு திமோரும் ஆஸ்திரேலியப் படைவீரர்களும்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் தங்களுக்கு உதவிய கிழக்கு திமோர் மக்களின் விடுதலைக்காக ஆஸ்திரேலியாவின் முன்னாள் படைவீரர்கள் பிற்காலத்தில் குரல் கொடுத்தார்கள் என்று படித்தேன். ஒரு மக்களின் உரிமைக்கு நன்றிக்கடனைக் காரணமாகக் காட்டலாமா? உதவாதவர்களுக்கு உரிமை கிடையாதா?

பதில்: உரிமை, செய்த உதவிக்குக் கிடைக்கும் கூலி அல்ல. ஆனால் அந்த வீரர்களின் நினைவில் நன்றியைவிடக் கனமான ஒன்று இருந்தது. 1941 டிசம்பரில் ஆஸ்திரேலிய, டச்சுப் படைகள், அப்போது கிழக்கு திமோரை ஆண்டுவந்த, நடுநிலை வகித்த போர்த்துகலின் எதிர்ப்பையும் மீறி அதன் தலைநகர் டிலியில் இறங்கின. அடுத்த பிப்ரவரியில் ஜப்பானியர் வந்தனர். மலைகளுக்குள் பின்வாங்கிய சில நூறு ஆஸ்திரேலியர்களால் ஏறக்குறைய ஓராண்டு தாக்குப்பிடிக்க முடிந்தது என்றால், 'கிரியாடோ' எனப்பட்ட உள்ளூர்ச் சிறுவர்களும் இளைஞர்களும் அவர்களுடைய மூட்டைகளைச் சுமந்து, உணவு தேடிக் கொடுத்து, எதிரியின் நடமாட்டத்தை முன்கூட்டியே சொன்னதுதான் அதற்குப் பெருங்காரணம். வீரர்கள் கப்பலேறியபோது அந்தச் சிறுவர்கள் கரையிலேயே விடப்பட்டார்கள். பழிவாங்கலாலும் பஞ்சத்தாலும் நோயாலும் போர் முடிவதற்குள் 40,000 முதல் 60,000 திமோரியர்கள் வரை மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. தாங்கள் அழைக்காத போருக்கு அவர்கள் கொடுத்த விலை இது. எனவே இதை நன்றிக்கடன் என்பதைவிடப் பொறுப்பு என்பதே பொருந்தும்.

1975 டிசம்பர் 7 அன்று இந்தோனேசியா படையெடுத்தது; பிறகு கிழக்கு திமோரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. ஆஸ்திரேலிய அரசோ 1979இல் அந்த இணைப்பைச் சட்டப்படி அங்கீகரித்து, 1989இல் திமோர் கடலின் எண்ணெய் வளத்தைப் பங்கிட்டுக்கொள்ள இந்தோனேசியாவுடன் ஒப்பந்தமும் செய்துகொண்டது. போர் நினைவை ஆண்டுதோறும் போற்றுகிற ஒரு நாட்டில், பதக்கம் அணிந்த முதியவர்கள் எழுந்து கேட்ட கேள்வியை மற்றவர்களின் கேள்வியைப் போல எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. நினைவின் பயன் அதுதான்; செவிசாய்க்க மறுப்பவர்களை அது கேட்க வைக்கிறது. ஆனால் திமோரியர்களை விசுவாசமான ஏவலாளர்களாக மட்டும் சித்திரிக்கும் நினைவு எனக்கு உவப்பானதல்ல. 1999 ஆகஸ்ட் 30 அன்று, மிரட்டலுக்கும் வன்முறைக்கும் நடுவே வாக்குச்சாவடிக்கு வந்து, 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தெடுத்தார்களே, அது முழுக்க அவர்களுடைய சாதனை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, நியூகினித் தீவில் இந்தோனேசியாவின் ஆட்சியில் உள்ள மேற்குப் பாதியான மேற்குப் பாப்புவாவே விடை. அதே உலகப் போரில் உதவியதற்காக ஆஸ்திரேலியர்கள் நன்றியுடன் நினைவுகூரும் பாப்புவச் சுமைதூக்கிகள் அத்தீவின் கிழக்குப் பாதியைச் சேர்ந்தவர்கள். மேற்குப் பாதி மக்களுக்கு அப்படியொரு கதை வலுச்சேர்க்கவில்லை. ஆனாலும் 1969இல், பொறுக்கியெடுக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் வைத்து, இந்தோனேசியாவுடன் இருப்பதே அவர்களுடைய தலைவிதி என்று தீர்மானித்தது அநீதிதான். தன்னுரிமை கேட்க அவர்கள் யாருடைய மூட்டையையும் சுமந்திருக்க வேண்டியதில்லை.