இலவச ஆங்கில வகுப்பு: லண்டன் போகும் நம் கடற்கரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சொந்த ஊர் கீழக்கரை. கிழக்கு லண்டனில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். தொண்டி முதல் சாயல்குடி வரை வீட்டுக்கு ஒருவர் வெளியூரில் இருக்கிற பக்கம் நம் பக்கம். வகுப்பைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். விசா வழக்கு என் வேலை இல்லை.

கீழக்கரை: லாத்தா, மாப்பிள்ளை ஈஸ்ட் ஹாம்ல இருக்காக. எனக்கு விசா வந்துட்டு. பன்னிரண்டாவது முடிச்சிருக்கேன், பேசத்தான் வராது. எந்த வகுப்புல சேரட்டும்?

தங்கச்சி, உனக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கல்லூரிகளும் நகராட்சிகளும் பிறமொழிக்காரர்களுக்காக அரசுப் பணத்தில் நடத்தும் ஆங்கில வகுப்பை அங்கே ஈசால் என்பார்கள். இலவசமா இல்லையா என்பது ஆளுக்கு ஆள் மாறும். துணைவர் விசாவில் வந்தவர்களிடம் பொதுவாக மூன்று ஆண்டு குடியிருப்பு கேட்பார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. லண்டனுக்குள் இந்தப் பணத்தை 2019 முதல் மேயர் நிர்வாகம்தான் பங்கிடுகிறது. அதனால் வேறு நகரத்தில் இருக்கும் சொந்தக்காரர் சொன்ன விதியைக் கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதே. கல்லூரிக்கு நேரில் போய் விசாரி.

இடம் இல்லை என்றாலும் சும்மா இருக்க வேண்டாம். நூலகங்களில் உரையாடல் குழு கூடும். பள்ளிவாசல், சர்ச், தொண்டு அமைப்புகள் நடத்தும் வகுப்புகள் உண்டு. அவற்றில் பல இடங்களில் விசாத் தாளே கேட்க மாட்டார்கள்.

கல்லூரியில் சேர்க்கும் முன் சின்னதாக ஒரு தேர்வு வைத்து நிலை பார்ப்பார்கள். என்ட்ரி 1, 2, 3, அதற்கு மேல் லெவல் 1, லெவல் 2. நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பள்ளியில் இலக்கணம் நெட்டுருப் போட்டிருப்பதால் எழுத்துத் தாளில் என்ட்ரி 3 வந்துவிடும். வாயைத் திறந்தால் என்ட்ரி 1. எழுத்தை மட்டும் பார்த்து மேல் வகுப்பில் போட்டால், சுற்றியிருப்பவர்கள் பேசப்பேச நீ தலையை ஆட்டிக்கொண்டு இருப்பாய். பேச்சில் எந்த நிலையோ அந்த வகுப்பு வேண்டும் என்று கேள். கெட்டிக்காரி என்று பெயர் வாங்க மேலே போகாதே.

செப்டம்பரில் புதுப் பருவம் தொடங்கும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும். போய் இறங்கியதும் ஒரே இடத்தை நம்பாமல் பல இடங்களில் பெயர் கொடு. இன்னொன்று, மனசில் எழுதிக்கொள்: வகுப்புச் சான்றிதழ் வேறு, விசாத் தேர்வு வேறு.

பெரியபட்டினம்: கோர்ஸ் முடிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டா நிரந்தர விசாவுக்கு அது போதும்தானே லாத்தா?

போதாது. துணைவர் விசாவில் நாட்டுக்குள் போக ஏ1 என்ற தொடக்க ஆங்கில நிலை, இரண்டரை ஆண்டு கழித்து நீட்டிக்க அதற்கு அடுத்த ஏ2, நிரந்தரமாகத் தங்க அதற்கும் மேலான பி1 என்பதே இதுவரை இருந்துவரும் விதி. மூன்றிலும் பேசுவதையும் கேட்பதையும்தான் சோதிப்பார்கள். அரசு அங்கீகரித்த நிறுவனத்தின் தேர்வை அங்கீகரித்த மையத்தில் எழுதியிருக்க வேண்டும். கல்லூரிச் சான்றிதழை நீட்டினால் ஏற்க மாட்டார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன, விண்ணப்பிக்கிற வாரத்தில் அரசு இணையதளத்தைப் பாருங்கள். "தேர்வில்லாமலே பி1 வாங்கித் தருகிறேன்" என்று ஒருவன் பணம் கேட்டால் அவன் மோசடிக்காரன். மாட்டினால் விசா போவது உங்களுக்கு.

தொண்டி: டீச்சர், நம்ம ஆளுங்க நடத்துற வகுப்பே வீண். என் மனைவி அங்கே ஒரு தமிழ் வகுப்புக்கு ஆறு மாசம் போனாங்க. எல்லாத்தையும் தமிழ்லயே விளக்குறாங்க. வெள்ளைக்காரங்க சொல்லிக்கொடுத்தால்தான் உச்சரிப்பு வரும்.

தம்பி, பாதி சரி. வகுப்பு முழுக்கத் தமிழிலேயே ஓடினால் ஆங்கிலம் வராது. ஆனால் குறையைச் சொல்லிக்கொடுப்பவரின் தோலில் தேடாதீர்கள். நல்ல ஈசால் ஆசிரியர்களில் நைஜீரியாக்காரர், போலந்துக்காரர், வங்காளி எல்லாரும் உண்டு. உங்கள் மனைவி லண்டனில் பேசப்போகிற டாக்டரும் பஸ் டிரைவரும் கடைக்காரரும் பத்து நாட்டு உச்சரிப்பில் பேசுவார்கள். அத்தனையும் காதில் விழுந்து பழக வேண்டும்.

மண்டபம்: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். தொண்டி அண்ணன் மாதிரி நினைச்சுத்தான் எங்க அம்மாவைப் பல நாட்டுக்காரங்க சேர்ந்து படிக்கிற கலப்பு வகுப்புல சேர்த்தோம். அம்மாவுக்குத் தமிழே எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருந்துட்டு நின்னுட்டாங்க.

தொண்டி: அது அம்மாவோட பயம், வகுப்போட குத்தம் இல்லை. தமிழ் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா யாருமே ஆங்கிலம் பேச மாட்டாங்க.

மண்டபம்: பேனா பிடிக்கத் தெரியாதவங்களுக்குப் பலகையில எழுதிப்போட்டா பயம் வராம என்ன வரும்?

இரண்டு பேரும் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எழுத்தறியாத அம்மாவுக்கு முதலில் வேண்டியது என்ட்ரி 1-க்கும் கீழே உள்ள ப்ரீ-என்ட்ரி வகுப்பு. எழுத்து, எண், தேதி, தன் பெயர், முகவரி என்று தொடங்குவார்கள். அந்தக் கட்டத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது பெரிய துணை. அம்மாவைத் திட்டாதீர்கள், தப்பான வகுப்பில் உட்கார வைத்தது நீங்கள். அவர்களுக்கு 65 வயது ஆகிவிட்டால் நிரந்தரக் குடியிருப்புக்கோ குடியுரிமைக்கோ ஆங்கிலத் தேர்வே கிடையாது. தேர்வுப் பயம் இல்லாமல் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வேண்டியதை நிதானமாகப் படிக்கட்டும்.

தொண்டித் தம்பியின் மனைவி படித்தவர். அவருக்குக் கலப்பு வகுப்புதான் நல்லது. சோமாலியப் பெண்ணும் ருமேனியப் பெண்ணும் பக்கத்தில் இருந்தால் பொதுவாக இருப்பது ஆங்கிலம் மட்டும்தான், பேசியே ஆக வேண்டும். விசாவுக்கு ஏற்கும் தேர்வுகளில் ஒன்றான ஐஎல்ட்ஸ் லைஃப் ஸ்கில்ஸ் தேர்வு அறையிலும் உங்களோடு இன்னொரு தேர்வர் உட்காருவார். அவரோடு பேசிக் காட்ட வேண்டும், கூட இருப்பவரும் நம்மைப் போலக் கற்கிறவர்தான்.

எந்த வகுப்பானாலும் சேரும் முன் ஒருநாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஆசிரியரே பேசி முடித்தால் வேறு இடம் தேடுங்கள். இரண்டிரண்டு பேராகப் பேசவைத்து, நடுவில் நடந்து திருத்துகிறவர் கிடைத்தால் தூரமானாலும் அங்கே போங்கள்.

தொண்டி: ஆனாலும் உச்சரிப்பு...

தம்பி, புரிகிற மாதிரிப் பேசினால் தேர்வில் தேறலாம். இத்தோடு இதை விடுவோம்.

தேவிபட்டினம்: அக்கா, நாங்க டொராண்டோ போறோம், பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) கிடைச்சிருக்கு. அங்கேயும் இதே கதையா?

இல்லை, உங்களுக்கு வழி சுலபம். கனடாவில் 1992 முதல், புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு மொழி சொல்லிக்கொடுக்கும் லிங்க் என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பி.ஆர். உள்ளவர்களுக்கு இலவசம். முதலில் மதிப்பீட்டு மையத்தில் நிலை பார்ப்பார்கள், அதுவும் இலவசம். சில இடங்களில் வகுப்பு நேரத்தில் குழந்தையையும் பார்த்துக்கொள்வார்கள். 18 முதல் 54 வயது வரை குடியுரிமைக்கு மொழிச் சான்று வேண்டும். அங்கே லிங்க் வகுப்பில் நாலாம் நிலையைப் பேச்சிலும் கேட்பதிலும் எட்டிய சான்றிதழே அதற்குச் செல்லும். லண்டனுக்குச் சொன்னதை டொராண்டோவுக்குப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குடியுரிமை வாங்கிவிட்டால் லிங்க் கிடையாது, அதற்கு முன்னே படித்து முடியுங்கள்.

சாயல்குடி: நியூயார்க்?

பொது நூலகத்து ஆங்கில வகுப்பு. குயின்ஸ் பக்கம் என்றால் குயின்ஸ் நூலகம். பதிவு நாளைத் தவறவிடாதீர்கள்.

தங்கச்சிமடம்: சரக்குக் கப்பல் வேலைக்கு மார்லின்ஸ்னு ஒரு ஆங்கிலத் தேர்வு எழுதணும், எப்படித் தயாராவது டீச்சர்?

அது என் துறை இல்லை தம்பி. கடல்சார் பயிற்சி நிறுவனத்தில் கேளுங்கள்.

ஏர்வாடி: எத்தனை மாசத்துல சரளமாப் பேசலாம்?

வாரத்தில் எத்தனை மணி நேரம் வாயைத் திறந்து பேசுவீர்கள் என்று சொல்லுங்கள். அது தெரியாமல் மாதக்கணக்கு சொல்ல முடியாது.

உச்சிப்புளி: மூணு மாசத்துல பேச வருமா லாத்தா?

ஏர்வாடிக்குச் சொன்னதைப் படியுங்கள். முப்பது நாளில் ஆங்கிலம் என்று விற்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

இராமநாதபுரம்: நகராட்சி வகுப்பு சர்டிபிகேட்டை விசாவுக்கு...

வேறு, வேறு. பெரியபட்டினத்துக்கு எழுதியிருக்கிறேன்.

பாம்பன்: அக்கா, வீட்டுக்காரர் லண்டன்ல. ஒண்ணரை வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படி வகுப்புக்குப் போறது? ஊர்லயிருந்தே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம்மா. பிபிசி லேர்னிங் இங்கிலீஷும் பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷும் இலவசம், போனிலேயே கேட்கலாம். கேட்டால் மட்டும் பற்றாது, கேட்ட வாக்கியத்தைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிப் பழகு. வீட்டுக்காரரோடு தினம் பேசும்போது கொஞ்ச நேரம் ஆங்கிலத்திலேயே பேசு. சிரித்தால் சிரிக்கட்டும்.

அங்கே போனதும் உன் வட்டாரத்துக் குழந்தைகள் மையத்துக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் போய், பெற்றோருக்கான ஆங்கில வகுப்பு நடக்கிறதா என்று விசாரி. கல்லூரியில் கேட்கும்போது குழந்தைக் காப்பகம் உண்டா, காலை நேர வகுப்பு உண்டா என்று முதல் கேள்வியாகவே கேள். பிள்ளை வளரட்டும் என்று தள்ளிப்போடாதே. ஏ2 தேர்வுக்கு உனக்கு இரண்டரை ஆண்டுதான் இருக்கிறது.