போர்குண்ட் மரத் தேவாலயம் 800 வருஷமாக மக்காமல் நிற்பது எப்படி?
முக்கியக் காரணம் அடித்தளம்தான். நார்வேயின் லேர்டால் பள்ளத்தாக்கில் 1180-ஐ ஒட்டிக் கட்டிய கிராமத் தேவாலயம் இது. அதற்கு முந்தைய மரத் தேவாலயங்களில் தூண்களை நேரே மண்ணில் நட்டதால் ஈரம் ஏறி அடி மக்கிப்போனது. இங்கே கல் வரிசைமேல் கனத்த உத்திரங்களைப் படுக்கவைத்து, அவற்றின் மேல்தான் தூண்களை நிறுத்தியிருக்கிறார்கள், மரம் மண்ணைத் தொடுவதே இல்லை. அப்புறம் பைன் மரத் தார், அதை அவ்வப்போது பூசாமல் விட்டால் போச்சு.

கூரை முகட்டின் டிராகன் தலைகளைப் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், உள்ளேதான் விஷயம் இருக்கிறது: வெளிச்சத்துக்கு உயரத்தில் சின்ன வட்டத் துளைகள், சுவரில் ரூன் எனும் பழைய வடஐரோப்பிய எழுத்துக் கிறுக்கல்கள். 1868-இல் பக்கத்தில் புதுத் தேவாலயம் வந்தது. 1877-இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சங்கம் இந்தப் பழைய தேவாலயத்தை வாங்கியது. அந்த நூற்றாண்டில் இப்படிப்பட்ட பல மரத் தேவாலயங்களை இடித்தே தள்ளிவிட்டார்கள்.